குலவையை நிறுத்தச் சொன்னவள்

ஒரு ஊர்ல ஒரு முனி இருந்துச்சு. இருந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு. கண்ணால பாத்தவங்க ஒருத்தரும் இல்லை.

எங்க இருந்துச்சா? நம்ம மாடிப்படிக்குக் கீழ இல்லை. அங்க அப்பாவோட பழைய சைக்கிளும் அரை மூட்டை சிமெண்ட்டும்தான் இருக்கு. முனி இருக்குன்னு உன்கிட்ட யார் சொன்னது? பக்கத்து வீட்டு ஆன்ட்டியா? இன்னும் ரெண்டு வாய் சோறு இறங்கணும்னா? சரி. அவங்களை நாளைக்கு நான் கேட்டுக்கறேன். நல்லாவே கேட்டுக்கறேன்.

எங்க ஸ்கூல்ல ஒரு சிஸ்டர் இருந்தாங்க. ப்ரேயர்ல பேசினா சாத்தான் வந்து நாக்கைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவான்னு சொல்வாங்க. பன்னெண்டு வருஷம் நாக்கை உள்ளயே வச்சிருந்தேன் குட்டி. ஒரு சாத்தானும் வரலை. என் பன்னெண்டு வருஷம்தான் போச்சு. அதனால இந்தக் கதையைக் கொஞ்சம் கோவமாத்தான் சொல்வேன். உன்மேல கோவம் இல்லை. தலையை என் கைமேல வை. இந்தக் கை. ஆங். இப்போ 'ம்' சொல்லு. ம் நின்னா கதையும் நின்னுடும்.

அந்த முனி ஒரு கண்மாய்க்குள்ள இருந்துச்சு. கண்மாய்னா ஏரிதான், தெக்க அப்படிச் சொல்வாங்க. பெரிய கண்மாய். ஒரு பக்கம் உசரமா மண்கரை. கரையிலேர்ந்து முப்பது அடி தள்ளி, தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூண். தூணோட தலை மட்டும் வெளியே தெரியும். ரெண்டு தூணுக்கும் நடுவுல, அடித்தரையில, ஒரு ஓட்டை. ஓட்டையில உலக்கையைப் பாதியா வெட்டினாப்ல ஒரு மரக்கட்டை, இறுக்கமா அடைச்சிருக்கும். அந்தக் கட்டையை எடுத்தா, தண்ணி கரைக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் வாய்க்கால்ல வந்து விழும். அதுதான் மடை.

கண்மாய் நிறைஞ்சிருக்கும்போது கட்டையை எப்படி எடுப்பாங்க? ஒருத்தர் முங்கணும். மூச்சைப் பிடிச்சுட்டு, ரெண்டு ஆள் ஆழம். அந்த ஊர்ல அது ஒரே ஒரு வீட்டு வேலை. அந்த வீட்டு ஆள் பேர் சாத்தையா. அவன் பொண்டாட்டி அழகுநாச்சி.

ம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். சாத்தையா தலை தண்ணிக்குள்ள போனதும், கரையில நிக்கிற பொம்பளைங்க எல்லாம் குலவை போடணும். உலுலுலுலுலுலு! ஒரே மூச்சுல. நடுவுல மறுமூச்சு எடுக்கக்கூடாது. அவன் மேலே வர்றவரைக்கும் குலவை நிக்கக்கூடாது. குலவை நின்னா முங்கினவன் மூச்சும் நின்னுடும்னு சொல்வாங்க. யார் முதல்ல சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் சொன்னாங்க.

அப்போ சாத்தையா என்ன பண்ணுவான்? உடம்பு கீழ இருக்கும், காது மேல இருக்கும். குலவை இளைக்குதா, வேலையை அவசர அவசரமா முடிச்சுட்டு விசுக்குன்னு மேலே வந்துடுவான்.

அப்புறம் ஒரு ஐப்பசி மழை. சாத்தையா இறங்கினான். சளக். கரையில அழகுநாச்சியும் நின்னா. அவளுக்கு ஒன்பதாம் மாசம். வயிறு நெஞ்சு வரைக்கும் ஏறி நிக்குது. அந்த வயித்தோட எவ்வளவு நேரம் மூச்சு நிக்கும்? எல்லாருக்கும் முன்னாடி அவ குலவைதான் அறுந்துச்சு. அவளைப் பாத்து பயந்து பக்கத்துல நின்னவளுக்கு அறுந்துச்சு. அவளைப் பாத்து அடுத்தவளுக்கு. சட்டுனு கரையே அமைதி.

சாத்தையா மேலே வரலை.

ம். ஆமா குட்டி, செத்துப்போயிட்டான். பழைய கதைன்னா மறைக்காமத்தான் சொல்லணும்.

ஊர் என்ன சொல்லுச்சு தெரியுமா? முனி பிடிச்சுட்டு போயிடுச்சுன்னு சொல்லுச்சு. அதோட விட்டாங்களா? "இவ குலவையை நிறுத்தினா, முனி வாயைத் திறந்துச்சு"ன்னாங்க. தண்ணி எடுக்கப் போனா பேச்சு. துணி துவைக்கப் போனா பேச்சு. பிள்ளை பிறந்துச்சு, பொண்ணு. பாக்க வந்தவ ஒருத்தி தொட்டிலை ஆட்டிட்டே, "அப்பனை முழுங்கிட்டு வந்திருக்கு"ன்னா. அழகுநாச்சி தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அவளே அப்படித்தான் நெனச்சா. என் மூச்சு பத்தலை, அதனாலதான் அவர் போனாருன்னு ஒரு வருஷம் நெனச்சா. குளிக்கும்போது தலையில தண்ணி ஊத்தினாலே அவளுக்கு நெஞ்சு படபடபடன்னு அடிச்சுக்கும்.

அப்புறம் மறுபடியும் ஐப்பசி வந்துச்சு. மூணு நாள் மழை, ஜோ ஜோன்னு. கண்மாய் நிறைஞ்சு ததும்புது. கரையோட தாழ்ந்த பக்கம் நாப்பது வீடு. அதுல ஒண்ணு அழகுநாச்சி வீடு. நாலாம் நாள் மத்தியானம், அவ வீட்டுக்கு நேர் மேலே கரையில ஒரு கசிவு. முதல்ல எலி மூத்திரம் மாதிரி. சிரிக்காத. அப்புறம் குபுகுபுகுபுன்னு. ஆம்பளைங்க வைக்கோலும் மண்ணும் வச்சு அடைக்கறாங்க. அடைச்ச இடம் அப்படியே வழுக்கிட்டு வருது. மடையைத் திறந்து தண்ணியைக் குறைச்சாத்தான் கரை நிக்கும். இல்லைன்னா பொழுது சாயறதுக்குள்ள நாப்பது வீடும் போயிடும்.

அப்போ பெரிய வீட்டுக்காரர் குடை பிடிச்சுட்டு வந்தார். ஊர்ல பாதி நிலம் அவருது. மடைத்தண்ணி முதல்ல பாயறதும் அவர் வயல்லதான். அங்க நெல்லு தலை சாஞ்சு பழுத்து நிக்குது.

"இன்னைக்குத் திறக்கக்கூடாது"ன்னார். "வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு, அன்னைக்கு அறுப்பு. அது முடியட்டும். முனி வேற போன வருஷமே உக்கிரமா இருந்துச்சு. ரெண்டு நாள் பொறுங்க, படையல் போட்டுட்டு இறங்கலாம்."

"கரை ரெண்டு நாள் நிக்காது ஐயா"ன்னாங்க ஜனங்க.

"அப்போ யார் இறங்குறீங்க? இறங்குங்களேன், பாப்போம்."

எல்லாரும் அவங்க அவங்க காலைப் பாத்தாங்க.

அழகுநாச்சி கையில பிள்ளை. நெஞ்சு படபடபட. ஆனா பின்னாடி திரும்பிப் பாத்தா அவ வீட்டுக் கூரை தெரியுது, தொட்டில் கயிறு தெரியுது. பிள்ளையை நாத்தனா காயாம்பூகிட்டக் கொடுத்தா. சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினா.

"மதினி, வேணாம். உங்களுக்கு வாளித்தண்ணியே பயம்"னா காயாம்பூ.

"தெரியும்டி. பிள்ளையைப் பிடி."

பெரிய வீட்டுக்காரர் சிரிச்சார். "ஏய், சாத்தையா பொண்டாட்டி. குலவையே போடத் தெரியாதவ, நீ மடை திறக்கப் போறியா?"

ம். கேட்டியா அந்த ஆள் பேச்சை?

முதல் தடவை, தூண்கிட்ட நீந்திப் போய் முங்கினா. சளக். கரையில குலவை ஆரம்பிச்சுது, உலுலுலுலு! உள்ளே இருட்டு. காதுல ங்ஙொய்ன்னு சத்தம். நாலு முழம்கூடக் கீழ போயிருக்க மாட்டா, ஜிலீர்னு அவ கணுக்காலை ஏதோ சுத்துச்சு. வழவழன்னு, விரல் விரலா. முனி! உதைச்சா. உதைக்க உதைக்க இறுகுச்சு. இன்னும் உதைச்சா. வாயிலேர்ந்து குபுக்னு காத்தெல்லாம் போச்சு. எப்படியோ பிச்சுக்கிட்டு மேலே வந்துட்டா. குலவை பாதிகூட முடியலை. இருமுறா, மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி.

"அதுக்குள்ளயா?"ன்னார் பெரிய வீட்டுக்காரர். "முனி கை குலுக்குச்சாக்கும்?"

நாலு பேர் சிரிச்சாங்க. கரை சரிஞ்சா அவ வீட்டோட சேந்து போறது அந்த நாலு பேர் வீடும்தான். இருந்தும் சிரிச்சாங்க. எனக்கு அந்தப் பெரிய வீட்டுக்காரரைவிட அந்த நாலு பேர் மேலதான் குட்டி ஆத்திரம் ஆத்திரமா வரும்.

அழகுநாச்சிக்கும் வந்துச்சு. பயம் எங்க போச்சுன்னே தெரியலை. ஒரு வருஷம் கேட்ட பேச்செல்லாம் ஒண்ணா மேலே வந்துச்சு. தொட்டிலாட்டினவ பேச்சு, துவைகல்லுல கேட்ட பேச்சு, எல்லாம். "முனியாவது மயிராவது"ன்னுட்டு... அந்த வார்த்தையை நீ சொல்லக்கூடாது. அவ சொன்னா. ரெண்டாவது தடவை முங்கினா. சளார்!

இந்தத் தடவை ஒரே வீச்சுல அடிக்குப் போயிட்டா. கட்டை கையில கிடைச்சுது. இந்தாடா உன் கட்டைன்னு ஒரு இழு. வரலை. பல்லைக் கடிச்சுட்டு இன்னொரு இழு. வரலை. ஆத்திரத்துல மூணாவது இழு. ரெண்டு நகம் பிய்ஞ்சுது, கட்டை இன்னும் இறுகி உக்காந்துடுச்சு. கோவத்துக்கு எவ்வளவு மூச்சு வேணும் தெரியுமா? பயத்துக்கு வேணும்கிறதைவிட ரெண்டு மடங்கு. மேலே குலவை இளைக்குது, உலு... லு... லு... அவளுக்கு சாத்தையா ஞாபகம் வந்துடுச்சு. இப்போ நிக்கப்போகுது, இப்போ நிக்கப்போகுதுன்னு மனசு முழுக்க அதுதான். கட்டையை விட்டா. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மேலே வந்து விழுந்தா.

கரையில கசிவு இப்போ ஒரு குடம் அகலம்.

"போதும், வீட்டுல இருக்கிறதை எடுத்துட்டு மேட்டுக்குப் போயிடலாம்"னு ஆரோ சொன்னாங்க. அப்போ பிள்ளை வீல்னு அழுதுச்சு. பசி. அழகுநாச்சி ஈரத்தோட மண்ணுல உக்காந்து, பிள்ளையை வாங்கி மடியில போட்டுப் பால் கொடுத்தா. சுத்தி ஊரே ஓலம் போடுது. பிள்ளைக்கு என்ன தெரியும்? மொச்சு மொச்சுன்னு குடிச்சுது. குடிச்சுட்டு, அம்மா கைமேல தலையை வச்சுத் தூங்கிடுச்சு. இதோ, நீ வச்சிருக்கிற மாதிரியே.

ம். தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான்.

இப்போ அவ எழுந்திரிக்கணும். ஆனா கை பிள்ளைத் தலைக்கு அடியில மாட்டிக்கிச்சு. வெடுக்னு உருவினா பிள்ளை முழிச்சுக்கும், அலறும். இந்த வேலையை அவ தினமும் பண்றா; எல்லா அம்மாவும்தான். முதல்ல தன் மூச்சைப் பிள்ளை மூச்சோட சேத்தா. அது இழுக்கும்போது இழுத்தா, அது விடும்போது விட்டா. அப்புறம் கையை உருவலை, கொஞ்சமாத் திருப்பினா. பிள்ளை 'ங்' அப்படின்னு முனகுச்சு. உடனே அப்படியே நின்னா. கல்லு மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து வரைக்கும். கை மரத்துப் போயிருக்கு, குத்துது, அசைக்கலை. பிள்ளை தானாவே தலையை லேசாத் திருப்பிச்சு. கை வந்துடுச்சு. தூக்கம் கலையலை.

அழகுநாச்சி அந்தக் கையையே பாத்தா.

அப்போதான் அவளுக்கு சாத்தையா சோறு தின்னுக்கிட்டே சொன்னது ஞாபகம் வந்துச்சு. "அடியே, மடைக்கட்டையை இழுக்கக்கூடாது. திருப்பணும். பாதி திரும்பினதும் தண்ணி ஓட்டைக்குள்ள உய்ய்ய்ய்னு விசிலடிக்கும். கரைக்கு அடியில இருக்கிற பாதை நிறைஞ்சு அந்த விசில் அடங்குற வரைக்கும் தூணைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும். அதுக்கு அப்புறம் தூக்கு, பூ மாதிரி வரும். அந்த சும்மா இருக்கிறதுதான்டி பெரிய பாடு. மேலே குலவை இளைச்சுட்டா எவனால சும்மா இருக்க முடியும்?"

அவ படக்னு எழுந்து நின்னா. அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. குலவை நின்னதால சாத்தையா மூச்சு நிக்கலை. குலவை நின்னுடுச்சேன்னு பயந்து, விசில் அடங்குறதுக்கு முன்னாடி கட்டையை உருவியிருக்கான். ஓட்டை அவனை உள்ளே இழுத்துடுச்சு. முனி இல்லை. இவ மூச்சும் இல்லை. இந்த ஊர் உண்டாக்கி வச்ச பயம். ஒரு வருஷமா அவ தலையில தூக்கி வச்ச பழி.

"ஏ காயாம்பூ, பிள்ளையைப் பிடி"ன்னா. அப்புறம் கரையில நின்ன பொம்பளைங்க பக்கம் திரும்பினா. "நான் உள்ளே போனதும் ஒருத்தியும் வாயைத் திறக்கக்கூடாது."

"என்னடி சொல்றே! குலவை போடாமலா?"

"குலவை கிடையாது. அழுகை கிடையாது. ஐயோ அம்மா கிடையாது. நான் மேலே வந்தப்புறம் போடுங்க, தொண்டை கிழியப் போடுங்க. அதுவரைக்கும் எவளாவது சத்தம் போட்டீங்க, கரை உடையறதுக்கு முன்னாடி நான் உங்க மண்டையை உடைப்பேன்."

"முனி சும்மா விடாதுடி"ன்னார் பெரிய வீட்டுக்காரர்.

"நீங்களும்தான். வாயை மூடுங்க."

கரையே கப்சிப். மழைச்சத்தம் மட்டும். சொட சொட சொட. மூணாவது தடவை அவ தூண்கிட்ட நீந்திப் போய், அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கோவம் அப்படியேதான் இருந்துச்சு, குட்டி. பயமும் அப்படியேதான் இருந்துச்சு, நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவ ரெண்டையும் தொரத்தலை. மூச்சை மட்டும் பாத்தா. பிள்ளை இழுக்கிற மாதிரி இழுத்தா. விடுற மாதிரி விட்டா. மூணு தடவை. நாலாவது இழுத்து, முங்கினா.

சளக்.

ஜிலீர்னு கணுக்கால்ல அதே கை. உதைக்கணும்னு கால் துடிச்சுது. உதைக்கலை. பிள்ளை முனகினப்போ நின்ன மாதிரி நின்னா. ஒண்ணு. ரெண்டு. மூணு. விரல் ஒவ்வொண்ணாத் தளர்ந்துச்சு. கையை விட்டுத் தடவிப் பாத்தா... பாசிக்கொடி. தூணைச் சுத்தி வளர்ந்த பாசிக்கொடி! உதைச்சா இறுக்கும், சும்மா இருந்தா விட்டுடும். ஊரையே இத்தனை வருஷம் மிரட்டின முனி அவ்வளவுதான். தண்ணிக்குள்ளயே அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கலை. மூச்சு வேணுமே.

அப்புறம் கீழ போனா. ஒரு கையால தூணைக் கட்டிக்கிட்டா. இன்னொரு கையால கட்டையைப் பிடிச்சா. இழுக்கலை. கொஞ்சம் திருப்பினா. நகம் போன விரல் எரிஞ்சுது. இன்னும் கொஞ்சம். கட்டை க்ர்ர்க்னு திரும்பிச்சு. உய்ய்ய்ய்ய்! விசில். தண்ணி அவ சேலை முந்தானையை, தலைமுடியை, எல்லாத்தையும் ஓட்டைப் பக்கம் இழுக்குது, வா வான்னு. எடுத்துடு, எடுத்துட்டு ஓடிடுன்னு உடம்பெல்லாம் கத்துது. மேலே சத்தமே இல்லை. காயாம்பூ முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு நிக்கிறா.

ஒண்ணு. ரெண்டு. தூணை இறுக்கிக் கட்டிக்கிட்டா. அஞ்சு. ஆறு. நெஞ்சு வெடிக்குது. எட்டு. விசில் இன்னும் அடங்கலை. பத்து ஆயிடுச்சு, அடங்கலை! அப்போ அவ என்ன பண்ணினா? மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

விசில் நின்னுச்சு.

தூக்கினா. பூ மாதிரி வந்துச்சு.

அப்புறம் கட்டையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, தூணைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறி, தலையை வெளியே நீட்டினா. ஹாஆஆ! அப்போ போட்டாங்க பாரு குலவை. உலுலுலுலுலுலுலு! மறுமூச்சு எடுத்து எடுத்துப் போட்டாங்க. கரைக்கு அந்தப் பக்கம் மடைத்தண்ணி தடதடதடன்னு விழுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல கசிவு குடத்திலேர்ந்து செம்பு ஆச்சு, செம்பிலேர்ந்து விரல் ஆச்சு. வைக்கோல் நின்னுச்சு. நாப்பது வீடும் நின்னுச்சு.

ம்.

அப்போ பெரிய வீட்டுக்காரர் குடையை எறிஞ்சுட்டு ஓடி வந்தார். "அடிப்பாவி! என் நெல்லு! என் நெல்லெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சே!"

அழகுநாச்சி பிள்ளையை வாங்கி இடுப்புல வச்சிருந்தா. குரல் ஏறலை. கட்டையை எடுத்து அவர் கையில வச்சா.

"தண்ணிக்குள்ளதானே ஐயா இருக்கு? முங்கி எடுங்க. நாங்க குலவை போடுறோம்."

கரையில ஒரு சிரிப்பு எழுந்துச்சு பாரு. முன்னாடி சிரிச்ச அந்த நாலு பேரும் சிரிச்சாங்க. அவங்களை அவ ஒரு பார்வை பாத்தா. சிரிப்பு தொண்டையிலயே நின்னுடுச்சு. "வீட்டுக்குப் போய்க் கூரையைப் பாருங்க, ஒழுகும்"னு மட்டும் சொன்னா.

அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் சத்தம் போடறதில்லை. மேலே வந்தப்புறம்தான் குலவை. அழகுநாச்சி மவ வளர்ந்து, அவளும் முங்கினா. முனியைப் பத்திக் கேட்டா, "ஆமா, கால்ல சுத்தும். நின்னா விட்டுடும்"பா.

கேட்டியா?

குட்டி?

ம் நின்னுடுச்சு. சரி. அப்போ நானும் சும்மா இருக்கேன். நீ இழு, நானும் இழுக்கறேன். நீ விடு, நானும் விடறேன். கையை உருவலை. கொஞ்சமாத் திருப்பறேன், அவ்வளவுதான். ஒண்ணு. ரெண்டு. மூணு...

வந்துடுச்சு.

நீ தூங்கு. நான் ஒரு தடவை மாடிப்படிக்குக் கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன். எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

அழகுநாச்சி கரை ஏறியாச்சு, தண்ணி வடிஞ்சாச்சு, கதையும் வடிஞ்சாச்சு. தூங்கு தங்கம்.